எல்லைக்கானில் நட்ட புல்

1

இந்தக் கதை ஒரு அசட்டு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதைச் சொன்னவள் நான்தான்.

போன ஒக்டோபரில் ஒரு சஞ்சிகையிலிருந்து என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் செடிகள் காப்புக்காடுகளுக்குள் எப்படிப் புகுந்து பரவுகின்றன என்பது பற்றி. நான் பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். நாயுண்ணி, பார்த்தீனியம், கினிப்புல் என்று ஒரு பட்டியல் கைவசம் இருந்தது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வெட்கமாக இருந்ததால், ஒரு சனிக்கிழமை நமுனுகுல பக்கம் பஸ் ஏறினேன். அங்கே மலையின் ஒரு மடிப்பில் சிறிய சரணாலயம் ஒன்று இருக்கிறது. (பெயர் சொல்லமாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.) ஓகஸ்டில் அங்கே தீப்பிடித்து, காட்டின் ஒரு பக்கம் முழுக்க எரிந்துபோனதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

சரணாலயக் காவலர் மஹ்ரூப் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரிக்கட்டைகளைப் பார்க்கத் தயாராகப் போன எனக்கு, சரிவு முழுக்கப் பச்சை. மழைக்குப் பிறகு பளபளவென்று, கண் கூசும் பச்சை. நான் சந்தோஷத்தில் சத்தமாகச் சொன்னேன்:

"அட, ரெண்டு மாசத்துல காடு திரும்ப வந்துட்டே!"

எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஐந்தாறு பேர் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு.

"அது காடு இல்ல டீச்சர்," என்றாள். "அது புல்லு."

சாயங்காலம் நான்கு மணிக்கு நான் பஸ் தரிப்பிடத்துக்கு இறங்கியபோது அவளும் கூடவே வந்தாள். பஸ் வர ஒரு மணி நேரம் பிந்தியது. அந்த ஒரு மணி நேரத்தில் பாதி சொன்னாள். வந்த பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். அடுத்த பஸ் வருவதற்குள் மீதியைச் சொன்னாள்.

"எழுதுங்க," என்றாள் கடைசியில். "ஆனா என் பேரு வேணாம்."

"வேற என்ன பேர் போட?"

யோசித்தாள். "எங்கம்மா எனக்கு மரியகொரட்டின்னு வைக்கணும்னு நெனச்சுச்சாம். அப்பா விடல. அதப் போடுங்க."

ஆகவே இவள் மரியகொரட்டி. கட்டுரை எழுதப்படவே இல்லை.

2

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் எழுதி அடித்தவை:

"புல்லுக்கு எல்லை தெரியாது." (அழகாக இருக்கிறது. அதனால்தான் அடித்தேன். புல்லுக்குத் தெரியாவிட்டால் என்ன, நட்டவளுக்கு எல்லை தெரியும்.)

"கினிப்புல் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மாட்டுத்தீவனமாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இது, பின்னர்" (கட்டுரை மறுபடி தலைகாட்டுகிறது.)

"மரியகொரட்டி செய்த குற்றம்" (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் கதையை வாசித்து முடித்தபின் முடித்துக்கொள்ளுங்கள்.)

கடைசியில் அவள் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறேன். பதின்மூன்று வருடங்களுக்கு முன், மொனராகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு வரும் ஒரு பஸ்.

மரியகொரட்டியின் மடியில் ஒன்பது வயது மகள் கேஷானி. கேஷானியின் மடியில் ஈரச் சாக்கு. சாக்குக்குள் வேரோடும் மண்ணோடும் பிடுங்கிய கினிப்புல் தூர்கள். சாக்கை மேலே தட்டில் போடச் சொல்லி கண்டக்டர் சத்தம் போட்டார். மேலே போட்டால் வேர் காய்ந்துவிடும் என்று அவள் விடவில்லை. தண்ணீர் ஒழுகி, பிள்ளையின் கவுன் முழங்கால் வரை சேற்று நிறமாகிவிட்டது.

அந்தச் சாக்குக்கு ஒரு காரணம் இருந்தது. புருஷன் அந்தோனி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நத்தார்ப் பண்டிகைக்கு வருவான், நத்தார் முடிந்ததும் போய்விடுவான். அவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை, வீட்டில் ஒரு மாடு. தேயிலை மலைக்குள் புல் அறுத்துத்தான் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் மாடு வளர்த்தார்கள். ஆனால் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகு, எந்தப் புல்லில் மருந்து பட்டிருக்கிறது, எதில் படவில்லை என்று தெரியாமல் போயிற்று. அடுத்த காம்பரா வீட்டுக்காரர்களின் சினைமாடு ஒருநாள் வாயில் நுரை தள்ளிச் செத்தது. அதைப் பார்த்தபின் அவளுக்குத் தேயிலைப் புல்லைத் தொடவே பயம்.

மொனராகலையில் கல்யாணம் கட்டிப் போயிருந்த தங்கச்சியின் வளவில், ஆள் உயரத்துக்குக் கினிப்புல் நின்றது.

"ஒரு தூரு வச்சா போதுங்கா," என்றாளாம் தங்கச்சி. "மிச்சத்த அதுவே பாத்துக்கும்."

பத்து வருடம் கழித்து அந்த வார்த்தை அவளுக்கே கெட்ட செய்தியாகப் போகிறது. அன்றைக்கு அது நல்ல செய்தி.

எங்கே நடுவது? லயத்தைச் சுற்றி ஒரு சாண் மண் சும்மா இல்லை. தோட்டத்தின் ஏழாம் நம்பர் தேயிலை மலை கைவிடப்பட்டுக் கிடந்தது. அதன் மேல் விளிம்பில், தண்ணீர் ஓட வெட்டிய பழைய கான் ஒன்று ஓடியது. கானுக்கு இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் சரணாலயம். நடுவில் நம்பர் போட்ட சிமெந்துக் கல்லுகள். கானின் இந்தக் கரையில் நாற்பது தூர் நட்டாள். எண்ணித்தான் நட்டாள். எல்லைக்கல்லைத் தாண்டி ஒன்றுகூட வைக்கவில்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

மூன்றாம் மாதம் புல் அவள் தலைக்கு மேல் போய்விட்டது. மாடு மினுங்கியது. ஒரு மாடு மூன்றானது. கேஷானி உயர்தரம் வரை படித்தது அந்தப் புல்லில்தான். கேட்டவர்களுக்கெல்லாம் மரியகொரட்டி தூர் பிடுங்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போது தங்கச்சி சொன்னதையே அவளும் சொன்னாள்.

3

இந்தப் பெண்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. புல் தாண்டிப் போவது இவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

முதல் எழுத்தில் "அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று போட்டிருந்தேன். ஏழை, உழைப்பாளி, ஒன்றுமறியாதவள். இப்படி ஒருத்தியை எழுதுவது எனக்குச் சுலபம், உங்களுக்கு அழுவது சுலபம். ஆனால் பஸ் தரிப்பிடத்தில் அவள் சொன்னது வேறு.

"தெரியாதுன்னு எழுதிராதீங்க டீச்சர். அஞ்சாவது வருசமே பாத்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒத்தத் தூரு நின்னுச்சு. பிடுங்கத்தான் குனிஞ்சேன். அப்புறம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

"ஏன்?"

"அவ்வளவு பச்சையா இருந்துச்சு."

(இடையில் ஒரு விஞ்ஞான டீச்சரின் குறிப்பு, மன்னிக்கவும். கினிப்புல்லின் விதை எள்ளைவிடச் சிறியது. காற்றில் போகும். ஈர மாட்டுத்தோலில் ஒட்டிப் போகும். விறகு பொறுக்கப் போகிறவளின் சேலைக் கரையில், அறுவாளில், செருப்புச் சேற்றில் போகும். காட்டின் அடர்ந்த நிழலுக்குள் அதற்கு வாழ்வில்லை. ஆனால் ஒரு பெரிய மரம் விழுந்து வெயில் உள்ளே இறங்கினால் போதும். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை, நமக்கு மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்தில், அது நின்ற இடத்திலேயே காய்ந்து வைக்கோலாகும். பச்சைக்காட்டுக்குச் சாதாரணமாகத் தீப்பிடிக்காது. காலடியில் வைக்கோலைக் கட்டி வைத்தால் பிடிக்கும். குறிப்பு முடிந்தது.)

ஆறாம் வருடம் காற்றுக்கு இரண்டு மரங்கள் சாய்ந்தன. எட்டாம் வருடம் காட்டின் ஓரம் வெளிறிய பச்சையாகத் தெரிந்தது. பத்தாம் வருடம், லயத்துப் பின்வாசலில் நின்று பார்த்தால், புல் காட்டுக்குள் ஒரு நாக்கு மாதிரி நீண்டு மேலே ஏறியிருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் மலை. அவள் கண்ணுக்கு அது அவள் நட்டது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் அங்கேதான் பார்வை போகும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே போயிருப்பதுபோலத் தோன்றும். நாளடைவில் அவள் பின்வாசலைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

4

கேஷானிக்கு இருபத்திரண்டாம் வயதில் வேலை கிடைத்தது. பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தியில் ஒரு தாய் பயந்து நடுங்குவாளா? நடுங்கினாள். ஏனென்றால் அந்த வேலை, சரணாலயத்துக்குள் பரவிய அந்நியச் செடிகளைப் பிடுங்குவது. காவலர் மஹ்ரூப்பின் கீழ் ஐந்து பெண்பிள்ளைகள்.

முதல் வாரமே கேஷானி இரண்டு முழங்கையிலும் கீறலோடு வந்தாள். கினிப்புல்லின் ஓரம் அறுவாள் மாதிரி. மரியகொரட்டி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். கீறல் ஒவ்வொன்றையும் தடவும்போது அவளுக்கு விரல் கூசியது.

"வலிக்குதாடி?"

"பரவால்லம்மா. இங்க பாரு, சேர் எங்களுக்கு ஒரு வேல குடுத்திருக்காரு."

ஒரு தாளை விரித்தாள். சரணாலயத்தின் வரைபடம். புல் இருக்கும் இடங்களில் சிவப்புப் பேனையால் புள்ளி. மேலே உச்சியில் ஒன்றிரண்டு புள்ளி. நடுவில் சிதறலாக. கீழே இறங்க இறங்க நெருக்கமாகி, எல்லைக்கான் ஓரத்தில் சிவப்பு ஒரேயடியாக அப்பிக் கிடந்தது. அதற்குக் கீழே பென்சிலால் கட்டம் கட்டமாக ஆறு வீடு. அவர்கள் லயம்.

"இது எங்கருந்து வந்துச்சுன்னு பாக்குறாங்கம்மா. வர்ற வியாழக்கிழம கான் ஓரமா நடந்து பாக்கப்போறோம். மேலிடத்துப் பெரியவங்களும் வர்றாங்களாம்."

"பாத்து?"

"கொண்டாந்தது யாருன்னு தெரிஞ்சா உள்ள தள்ளலாமாம். கூட வேல செய்யிற ஒரு அக்கா சொன்னாங்க."

கேஷானி தாளை மடித்தாள். மடிக்கும்போது தாயைப் பார்க்கவில்லை.

(அந்த அக்கா சொன்னது சரியா தப்பா என்று நான் பிறகு மஹ்ரூப்பிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "யாரையும் பிடிக்கிறதுக்கு இல்ல டீச்சர். மூலம் எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அங்கருந்து ஒழிச்சிட்டு வரலாம்," என்றார். இதை அந்த வாரமே யாராவது மரியகொரட்டியிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டாலே தெரிந்துவிடும் என்று பயம்.)

அவளை அரித்த கேள்வி வேறு. பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்திருந்தது இந்தப் பிள்ளைதான். ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் இருக்குமா? இருந்தால், தெரிந்துகொண்டேதான் இந்தத் தாளைத் தாய்க்கு முன்னால் விரித்தாளா? எச்சரிக்கிறாளா? அல்லது ஒன்றும் தெரியாமல் உளறுகிறாளா? ஒரே பாயில் பக்கத்தில் படுக்கிற பிள்ளையிடம் அவளால் கேட்க முடியவில்லை.

5

திங்கட்கிழமை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் மண்வெட்டியோடு கானுக்குப் போனாள். நாற்பது தூர் இப்போது எத்தனை என்று எண்ண முடியாது. ஒரு தூரைப் பெயர்க்க அரை மணி நேரமானது. வேர் மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது. பெயர்த்த குழியில் கையைவிட்டுப் பார்த்தால், உள்ளே வெள்ளை வெள்ளையாக இன்னும் முளை. இரண்டு நாளில் உள்ளங்கை கிழிந்து ரத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு வீட்டு வாசல் அளவுக்குத்தான் வெறும் மண் தெரிந்தது. அதுவும் புதிதாகக் கிளறிய மண். யாரோ எதையோ மறைத்தார்கள் என்று கூவிச் சொல்லும் மண்.

புதன்கிழமை காலையில் அவள் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள்.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன்.

அவள் தீக்குச்சியை

அவள் ஒரு கணம்

(இரண்டு வாக்கியங்களையும் இப்படியே விடுகிறேன். இதற்குப் பதிலாக ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன்: வழியில் போன யாரோ பீடித்துண்டை வீசினார்கள், காய்ந்த புல் பற்றிக்கொண்டது, பாவம் மரியகொரட்டி ஓடிவந்து அணைக்கப் பார்த்தாள். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன். "நான்தான் கொளுத்துனேன்" என்று ஒருத்தி நம் கண்ணைப் பார்த்துச் சொன்னபின், அவளைக் காப்பாற்றுவது நம் வேலையில்லை.)

கொளுத்துவதற்கு முன் எல்லாம் யோசித்தாள். அவள் ஒன்றும் புத்திகெட்டவள் இல்லை. காலை ஏழு மணிக்குக் காற்று மலையிலிருந்து கீழே, லயத்தைப் பார்த்து இறங்கியது. அந்தப் பக்கம் அவளே கிளறிய வெறும் மண். தீ அங்கே வந்து தானாகச் சாகும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், நனைத்த சாக்கு, ஒடித்து வைத்த பச்சைக் கொப்பு. பிள்ளையிடமும் கேட்டிருந்தாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் வேல?"

"ஆத்துப் பக்கம்மா. தூரம்."

ஆற்றுப் பக்கம் என்றால் மலையின் மறுபுறம்.

மூன்று தூரில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தாள். முதலில் சொன்னபடி கேட்டது. கீழ்ப்பக்கமாக மெதுவாக எரிந்து, வெறும் மண்ணுக்கு வந்து அணைந்தது. அணைந்த இடத்தைச் சாக்கால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் கானின் பாதி கறுத்துவிட்டது. அவளுக்கு மூச்சு லேசானது. வியாழக்கிழமை வருகிறவர்கள் சாம்பலைத்தான் பார்ப்பார்கள்.

எட்டரை மணியிருக்கும். வெயில் ஏறியது. அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று, திடீரென்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையவில்லை. புகை நேராக மேலே போனது. பிறகு அவள் சேலை முந்தானை முன்பக்கமாக, மலையைப் பார்த்துப் பறந்தது.

அவள் முந்தானையைத்தான் முதலில் பிடித்தாள். அதற்குள் தீ கானைத் தாண்டிவிட்டது.

6

"என்ன சத்தம் தெரியுமா டீச்சர்?" என்று பஸ் தரிப்பிடத்தில் கேட்டாள். நான் இங்கே ஒரு உவமையைத் தேடிவைக்கவில்லை.

தீ நடந்து போகவில்லை, ஏறியது. புல் எந்த வழியாக வருடக்கணக்கில் மேலே போயிருந்ததோ, அதே வழியாக நிமிடக்கணக்கில் போனது. இரண்டு வாளித் தண்ணீரையும் ஊற்றினாள். கொப்பால் அடித்தாள். அடித்த கொப்பே பற்றிக்கொண்டது. லயத்தில் இருந்தவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். முருகையா என்ற பக்கத்து வீட்டுக்காரர் அவளைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"விடுங்க, நம்ம லயத்துக்கு வராது. மேலதான் போவுது. காட்டுக்குத்தானே?"

"மேல யாருமில்லல்லண்ணே?" என்று கேட்டாள். "பிள்ளைங்க ஆத்துப் பக்கம்தானே?"

முருகையா அவளைப் பார்த்தார். "இல்லையே. காலையில நான் பாத்தேனே. ஆத்துப் பக்கம் குளவி கெளம்பிருச்சுன்னு அந்தக் காவல்காரரு எல்லாரையும் இந்தப் பக்கமாத்தான் மேல கூட்டிக்கிட்டுப் போனாரு."

அதன்பிறகு நடந்ததை அவள் கோர்வையாகச் சொல்லவில்லை. நானும் கோர்வையாக்கப் போவதில்லை. எரிந்த இடத்தின் வழியாக ஓடினாள். செருப்பின் அடி உருகி ஒட்டியது. பிள்ளையின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தால் புகை. ஒரு கேளையாட்டு மான் அவளை இடித்துக்கொண்டு கீழே பாய்ந்தது. ஒரு தடவை விழுந்தாள், விழுந்த இடத்தில் கையைக் குத்திய கல்லைப் பார்த்தாள். எல்லைக்கல். அதில் நம்பரைக் காணவில்லை, கரி மூடிவிட்டது. மாதாவைக் கூப்பிட நினைத்தாள். தான் பற்றவைத்த தீயை அணைக்க மாதாவை எப்படிக் கூப்பிடுவது என்று வெட்கம் வந்ததாம். அந்த நேரத்தில் வெட்கம்.

மேலே அவர்கள் ஆறு பேர். தீ தங்களை நோக்கி ஏறுவதைக் கண்ட மஹ்ரூப், மேலே ஓடவேண்டாம் என்று கத்தியிருக்கிறார். மேலே ஓடினால் தீதான் முந்தும். பக்கத்தில் ஒரு சிற்றோடை. கோடையில் கணுக்கால் நீர். அதற்குள் எல்லாரையும் இறக்கி, துண்டை நனைத்து முகத்தில் கட்டச் சொல்லி, குனிந்தபடியே கீழே நடத்தியிருக்கிறார். பாதி வழியில் தலை எண்ணினால் ஒருத்தி குறைந்தாள். நிலுக்ஷி என்ற பிள்ளை, புகையில் மயங்கிக் கரையிலேயே விழுந்துவிட்டாள். மஹ்ரூப் திரும்பி ஏறினார்.

மரியகொரட்டி ஓடையை எட்டியபோது முதலில் கேஷானியைப் பார்த்தாள். முகம் கறுத்து, புருவம் பொசுங்கி, உயிரோடு. ஓடிப்போய் அணைத்தாள். தாயின் கையில், சேலையில், மண்ணெண்ணெய் வாடை. கேஷானி ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு தன் ஈரத்துண்டை அவிழ்த்து, தாயின் இரண்டு கைகளையும் அழுத்தி, அழுத்தித் துடைத்தாள்.

அவர்களுக்குப் பின்னால் நிலுக்ஷியைத் தோளில் போட்டுக்கொண்டு மஹ்ரூப் இறங்கி வந்தார். அவருடைய வலதுகால் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே இல்லை. காலும் பார்க்கும்படியாக இல்லை.

7

நிலுக்ஷி பிழைத்துக்கொண்டாள். மஹ்ரூப் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார். காட்டின் அந்தப் பக்கம் மூன்று நாள் எரிந்தது.

விசாரணை வந்தது. தோட்ட ஆபீசில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மரியகொரட்டி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. மகளின் குரல் கேட்டது.

"தீ எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது சேர்."

"கான் ஓரமா இருந்த அந்தப் புல், யாராவது நட்டதா?"

மரியகொரட்டி வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சேர். எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா அது அங்கதான் இருக்கு."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று. மறந்துபோன பிள்ளை "தெரியாது" என்றுதான் சொல்லியிருக்கும்.

காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடினார்கள். ஒக்டோபர் மழையில் எரிந்த சரிவில் முதலில் முளைத்தது கினிப்புல்தான். முன்பு நாக்காக இருந்தது இப்போது போர்வையாகிவிட்டது. மஹ்ரூப் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், புல் பிடுங்க இன்னும் ஆள் வேண்டும் என்று லயத்துக்கு வந்து கேட்டார். முதலில் கையைத் தூக்கியவள் மரியகொரட்டி. தாயும் மகளும் இப்போது ஒரே நிரையில் குனிந்து பிடுங்குகிறார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது மஹ்ரூப் அவர்களோடுதான் உட்காருவார். கால் மடங்காது. ஒரு கல்லைத் தேடி உட்காருவார். மரியகொரட்டி எழுந்து இடம் கொடுப்பாள்.

"இரிங்கக்கா, நீங்க இரிங்க," என்பாராம். "உங்களப் போல ரெண்டு பேர் இருந்தாக் காணும், இந்தக் காட்ட மீட்டுரலாம்."

அன்றைக்கு அவள் சோற்றுப் பார்சலை அப்படியே மடித்துவிடுவாள்.

8

முடிவுகள்.

ஒன்று: அவள் மஹ்ரூப்பிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்து, "மூலத்தைக் காட்டுங்க, அங்கருந்து தொடங்குவோம்," என்கிறார். (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் கால் வெந்தது என்னுடையது இல்லை. அவருடைய மன்னிப்பை நான் எழுதிக்கொடுக்க முடியாது.)

இரண்டு: அவள் சொல்கிறாள். விசாரணை மறுபடி திறக்கிறது. பொய் சொன்னதற்காகக் கேஷானியின் வேலை போகிறது, (எழுத முடியவில்லை.)

மூன்று: அவள் சொல்லவில்லை. ஜூன் வருகிறது. கச்சான் வருகிறது. மேலே முன்பைவிட மூன்று மடங்கு வைக்கோல், அதற்குள் குனிந்தபடி ஆறேழு பேர், (இதை எழுத எனக்குப் பயம். எழுதியது நடந்துவிடும் என்ற மூடநம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. இது எழுதாவிட்டாலும் நடக்கக்கூடியது, அதனால்தான் பயம்.)

ஜனவரியில் இந்த எழுத்தை எடுத்துக்கொண்டு போய், அதே பஸ் தரிப்பிடத்தில் மரியகொரட்டிக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாவது பகுதி வரைதான். தலையைக் குனிந்து கேட்டாள். முடிந்ததும் முதலில் கேட்டது:

"அவரு படிச்சா கண்டுபிடிச்சிருவாரா?"

"பேரெல்லாம் மாத்திட்டேன். உங்க பேரு, பிள்ளைகள் பேரு, அவர் பேரும்தான். இடமும் சொல்லல."

"அவரு கால மாத்தலையே டீச்சர்."

உண்மைதான். யோசிக்கவே இல்லை. "மாத்திடட்டுமா? கைன்னு போடலாம். இல்லன்னா காயமே படலன்னு எழுதலாம்."

ஒரு பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். பஸ் போனது. அவள் உள்ளங்கையை விரித்து, அதிலிருந்த தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாம்," என்றாள். "கால் அப்படியே இருக்கட்டும். பிள்ளைய மட்டும் மாத்திருங்க. யாருன்னே தெரியாத மாதிரி."

மாற்றியிருக்கிறேன். கேஷானியைப் பற்றி நான் சொன்னதில் ஒன்று பொய். எது என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் தேடவேண்டாம்.

இனி உங்களிடம் ஒரு விஷயம். நான் முதன்முதல் போன அன்று, கிளம்பும்போது மஹ்ரூப் கேட்டிருந்தார்: "கட்டுரை வந்தா எனக்கும் ஒரு புத்தகம் அனுப்புங்க டீச்சர். பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டலாம்." சரி என்று சொல்லிவிட்டேன். கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கதையைச் சஞ்சிகைக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வாசிப்பது அதைத்தான். அவருடைய பிரதிக்கான உறையில் முகவரியும் எழுதிவிட்டேன். நேற்று மேலே போய்வந்த ஒருவர், புல் இடுப்புக்கு வந்துவிட்டது என்றார்.

முத்திரை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டட்டுமா?